பிரசவத் தேதியைக் கணக்கிடுவது எப்படி? சிங்கப்பூரில் முதல்முறை பிள்ளை பெறுவோருக்கு

கைப்பேசிச் செயலி ஒரு தேதியைக் காட்டும். ஸ்கேன் அறிக்கையில் வேறொரு தேதி அச்சாகியிருக்கும். ஊரிலிருந்து அம்மா விரல்விட்டு எண்ணி மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். இந்த மூன்றில் எது சரி என்று தெரியாமல் ஆளுக்கொரு தேதியைக் கொடுத்துவிட்டுப் பிறகு அலைபவர்கள் நிறையப் பேர். சிங்கப்பூரில் மகப்பேறு விடுப்பு, ரத்தச் சோதனை, விமானப் பயணம், அரசு தரும் குழந்தை போனஸ், பெரியவர்கள் வந்து தங்கும் நாள் என எல்லாமே அந்த ஒரு தேதியை வைத்துத்தான் நகரும்.

செய்யவேண்டியது இவ்வளவுதான்: 14 வாரம் ஆவதற்குள் மருத்துவரோடு உட்கார்ந்து ஒரே தேதியை முடிவு செய்யுங்கள், அதை எழுத்தில் வாங்குங்கள், பிறகு எங்கே கேட்டாலும் அதையே கொடுங்கள். அதற்கான படிகள் கீழே.

1. கடைசி மாதவிடாயின் முதல் நாளைப் பிடியுங்கள்

மருத்துவமனைச் சீட்டில் 'எல்.எம்.பி.' என்று ஒரு கட்டம் இருக்கும். கடைசி மாதவிடாயில் ரத்தப்போக்கு தொடங்கிய முதல் நாளை அதில் எழுத வேண்டும். பிரசவத் தேதிக்கு 'இ.டி.டி.' என்று போட்டிருப்பார்கள். முதல் கட்டத்தில் பிழை வந்தால் இரண்டாவதும் பிழைதான். நம்மவர்களிடம் அடிக்கடி நடக்கும் பிழைகள் மூன்று.

தலைக்குக் குளித்த நாளைச் சொல்வது முதல் பிழை. வீட்டுப் பெரியவர்கள் அந்த நாளைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். அது ரத்தப்போக்கு தொடங்கி மூன்றாவது நாளாகவோ ஐந்தாவது நாளாகவோ இருக்கும். கணக்கு அத்தனை நாள் பின்னால் போய்விடும்.

அதைவிடப் பெரியது, நாள் தள்ளிப்போன தேதியைச் சொல்வது. 'ஜூலை 6 வரவேண்டியது, வரவில்லை' என்றால் தாதி பதிய வேண்டியது ஜூலை 6 அல்ல, அதற்கு முந்தைய மாதவிடாய் தொடங்கிய ஜூன் 8. இதில் ஏமாந்தால் நான்கு வாரம் பிசகும்.

மூன்றாவது, லேசாகத் திட்டுத்திட்டாகப் பட்டதை மாதவிடாய் என்று எண்ணிக்கொள்வது. கரு கருப்பைச் சுவரில் ஒட்டும் சமயத்தில் சிலருக்குக் கொஞ்சம் ரத்தம் படும். வழக்கத்தைவிடக் குறைவாக, ஓரிரு நாளில் நின்றுபோயிருந்தால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதற்கு முந்தைய மாதத்துத் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தேதி ஞாபகமில்லையா? கோயிலுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்ட நாள் ஏதாவது உண்டா என்று யோசித்துப் பாருங்கள். தைப்பூசம், தீமிதி, வீட்டில் ஒரு விசேஷம், உறவினர் கல்யாணம் என்று ஏதாவது ஒன்று பிடிகொடுக்கும். வாட்ஸ்அப்பில் 'இன்றைக்கு என்னால் வர முடியாது' என்று அனுப்பிய செய்தியும் நல்ல சாட்சி. தமிழ் மாதக் கணக்கில்தான் நினைவிருக்கிறது என்றால் நாட்காட்டியைப் பார்த்து ஆங்கிலத் தேதிக்கு மாற்றிக்கொண்டு போங்கள். மருந்தகத்தில் அதற்கு நேரம் இருக்காது. கொஞ்சமும் நிச்சயமில்லை என்றால் 'தெரியாது' என்றே சொல்லுங்கள். ஊகித்துச் சொன்ன தேதி தெரியாது என்ற பதிலைவிட அதிகக் கெடுதல் செய்யும், ஏனென்றால் அது கணினியில் ஏறி உறுதியான தேதியைப் போலத் தோற்றம் காட்டும்.

2. கையால் ஒருமுறை கணக்குப் போடுங்கள்

அந்த முதல் நாளோடு 280 நாள், அதாவது 40 வாரம் கூட்ட வேண்டும். விரல்கணக்கு இது: 9 மாதம் கூட்டி, அதோடு 7 நாள் சேர்க்க வேண்டும். 2026 ஜூன் 8 என்றால் 9 மாதம் கூட்டினால் 2027 மார்ச் 8, அதோடு 7 நாள், மார்ச் 15.

இந்த விரல்கணக்கு எல்லா மாதத்துக்கும் ஒரேபோல வராது. மாதங்களின் நீளம் வேறு வேறு என்பதால் மாதவிடாய் எந்த மாதத்தில் தொடங்கியது என்பதைப் பொறுத்து 280 முதல் 283 நாள் வரை போகும். மே மாதத்தில் தொடங்கியிருந்தால்தான் வித்தியாசம் அதிகம். 2026 மே 4க்கு விரல்கணக்கு 2027 பிப்ரவரி 11 என்று சொல்லும். 280 நாளை ஒவ்வொன்றாக எண்ணினால் பிப்ரவரி 8தான். அம்மாவின் கணக்குக்கும், மருத்துவர் நாள் கணக்கிடச் சுழற்றிப் பார்க்கும் சக்கர அட்டைக்கும் ஓரிரு நாள் ஒத்துப்போகாததற்குப் பல சமயம் இதுதான் காரணம். யாரும் தப்பாக எண்ணவில்லை.

சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. 280 நாள் என்பது முழுசாக 40 வாரம். ஆகவே மாதவிடாய் தொடங்கிய கிழமையும் பிரசவத் தேதியின் கிழமையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். 2026 ஜூன் 8 திங்கள், 2027 மார்ச் 15ம் திங்கள். கிழமை மாறியிருந்தால் எங்கோ எண்ணிக்கை தவறியிருக்கிறது, அல்லது மாதவிடாய்ச் சுழற்சிக்காக யாரோ நாளைக் கூட்டியோ குறைத்தோ இருக்கிறார்கள்.

அந்தச் சுழற்சித் திருத்தம் இப்படி: 280 நாள் கணக்கு, 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவர்களுக்கானது. உங்களுக்குத் தவறாமல் 35 நாளுக்கு ஒருமுறை வருகிறது என்றால் 7 நாள் கூட்டுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் மார்ச் 22 ஆகும். 25 நாளுக்கு ஒருமுறை என்றால் 3 நாள் கழியுங்கள், மார்ச் 12. ஒரு மாதம் 27, அடுத்த மாதம் 41 என்று வருபவர்கள், பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள், கருத்தடை மாத்திரையை இப்போதுதான் நிறுத்தியவர்கள், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது உண்டானவர்கள் இந்தத் திருத்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். உங்களுக்கு ஸ்கேன்தான் கணக்கு.

செயற்கைக் கருத்தரிப்பு செய்துகொண்டவர்களுக்கு மாதவிடாய்த் தேதியே தேவையில்லை. ஐந்து நாள் கருவை வைத்த தேதியோடு 261 நாள், மூன்று நாள் கரு என்றால் 263 நாள் கூட்டினால் போதும். 2026 ஜூன் 22 அன்று ஐந்து நாள் கரு வைத்திருந்தால் 2027 மார்ச் 10. பின்னால் வரும் எந்த ஸ்கேனும் இந்தத் தேதியை மாற்றக்கூடாது. இதைவிடத் துல்லியமான கணக்கு கிடையாது.

செயலிகள் கெட்டவை அல்ல. ஆனால் சிலவற்றில் மாதத்தை முன்னால் போடும் அமெரிக்க முறை அமைந்திருக்கும். 8ஆம் தேதி ஜூன் என்று நீங்கள் இட்டதை அது ஆகஸ்ட் 6 என்று எடுத்துக்கொள்ளும். மாதத்தை எண்ணாக இடாமல் பெயராகத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

3. எங்கே போவது, எவ்வளவு ஆகும்

இங்கே எடுக்கும் முடிவு தேதியை மட்டுமல்ல, கடைசி வரை உங்கள் பணப்பையையும் தொடும். ஆகவே கொஞ்சம் நிதானியுங்கள்.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கழிவுக் கட்டணத்தில் (அரசு மானியத்தால் குறைந்த கட்டணம்) பார்த்துக்கொள்ள விரும்பினால் முதலில் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போக வேண்டும். சிறுநீர்ச் சோதனையில் உறுதி செய்து, கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனைக்கோ பரிந்துரைக் கடிதம் தருவார்கள். இந்தக் கடிதம் இல்லாமல் நேரே மருத்துவமனைக்குப் போய்ப் பதிந்தால் தனியார் நோயாளியாகச் சேர்த்துவிடுவார்கள். பிறகு கழிவுக் கட்டணத்துக்கு மாறுவது சுலபமல்ல. கழிவுக் கட்டணத்தில் போனால் குறிப்பிட்ட மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர் பார்க்கலாம். அதனால்தான் தேதியை எழுத்தில் வைத்திருப்பது இவர்களுக்கு இன்னும் முக்கியம்.

தனியார் மகப்பேறு நிபுணரிடம் போனால் முதல் வருகையும் ஸ்கேனும் சேர்ந்து பொதுவாக 150 முதல் 300 வெள்ளி வரை ஆகும். விலை கேட்கும்போது பொருள் சேவை வரி சேர்ந்ததா என்று கேளுங்கள். 9 விழுக்காடு என்பது பிரசவக் கட்டணத்தில் சிறிய தொகை அல்ல. பெரும்பாலான மருந்தகங்கள் விற்கும் மகப்பேறுத் தொகுப்பு 12 வாரத்துக்குப் பிறகோ இன்னும் தள்ளியோதான் தொடங்கும். அதற்கு முன் செய்யும் ஸ்கேன்களுக்குத் தனிக் கட்டணம். தேதியை நிர்ணயிக்கும் ஸ்கேன் அந்த முன்காலத்தில்தான் வருகிறது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செலவுகளுக்கான ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்கு முந்தைய மருத்துவச் செலவுக்கு மெடிசேவிலிருந்து, அதாவது மத்திய சேம நிதியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து, 900 வெள்ளி வரை எடுக்கலாம். அதை எப்போது எடுக்கலாம் என்று மருத்துவமனையிடம் கேளுங்கள். ரசீதுகளைக் கொடுத்தால் பிரசவம் பார்க்கும் மருத்துவமனையே விண்ணப்பிக்கும். எட்டாவது வாரத்தில் வேறு மருந்தகத்தில் கட்டிய ரசீதும் இதில் சேரும். கணவரின் மெடிசேவையும் பயன்படுத்தலாம்.

எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ், சார்ந்திருப்போர் அனுமதி ஆகியவற்றில் இருப்பவர்களுக்குக் கழிவுக் கட்டணமும் மெடிசேவும் பொதுவாகக் கிடையாது. நிறுவனக் காப்புறுதி இருந்தாலும் மகப்பேறு அதில் அடங்குகிறதா என்று முதலில் பாருங்கள், பலவற்றில் அடங்காது. வொர்க் பெர்மிட்டில் வேலை செய்யும் பெண்களுக்கு இங்கே பிள்ளை பெறுவதற்கே கட்டுப்பாடு உண்டு. அவர்கள் வேறு எதையும் செய்யுமுன் மனிதவள அமைச்சின் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும்.

முதல் வருகைக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை: அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட்டும் பாஸ் அட்டையும், பரிந்துரைக் கடிதம், கடைசி மூன்று மாதவிடாய்த் தேதிகள் எழுதிய தாள், சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், ஊரில் எடுத்த ரத்தச் சோதனை, ஸ்கேன் அறிக்கைகள், முன்பு கர்ப்பமாகியிருந்தால் அது பற்றிய தாள்கள்.

4. முதல் ஸ்கேனை எப்போது எடுப்பது

சோதனைக் குச்சியில் இரண்டு கோடு தெரிந்த அன்றே ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். ஐந்தாவது வாரத்தில் கருப்பையில் ஒரு சிறு பை மட்டும்தான் தெரியும். அந்தப் பையின் அளவை வைத்துத் தேதி சொல்வது நம்பத்தக்கதல்ல. 'இன்னும் இதயத் துடிப்பு தெரியவில்லை, இரண்டு வாரம் கழித்து வாருங்கள்' என்பார்கள். காசும் போய், அந்த இரண்டு வாரத் தூக்கமும் போகும். வயிற்றுவலியோ ரத்தப்போக்கோ இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். கேகே மருத்துவமனையில் இதற்கென 24 மணி நேர அவசரப் பிரிவு உண்டு.

தேதி நிர்ணயிக்கச் சிறந்த காலம் 8ஆம் வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரை. இந்தக் காலத்தில் கருவின் தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை அளப்பார்கள். அறிக்கையில் 'சி.ஆர்.எல்.' என்று மில்லிமீட்டரில் இருக்கும். முதல் மூன்று மாதத்தில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளரும். அப்பா உயரமா, அம்மா ஒல்லியா என்பதெல்லாம் இன்னும் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. ஆகவே நீளத்தைப் பார்த்து வயதைச் சொல்ல முடிகிறது. பிசகு 5 முதல் 7 நாளுக்குள் நிற்கும். நீளம் 84 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் இந்த அளவு உதவாது, தலைச் சுற்றளவுக்கு மாறிவிடுவார்கள்.

இந்த ஸ்கேனிலும் பிசகு வரும் இடம் ஒன்று உண்டு. கரு சுருண்டு கிடக்கும்போது அளந்தால் நீளம் குறைவாக வரும். நல்ல தொழில்நுட்பர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அளந்து சராசரி எடுப்பார். இரட்டைப் பிள்ளைகள் என்றால் பெரிய கருவின் அளவைக் கொண்டே தேதி போடுவது வழக்கம்.

பொது மருத்துவமனையில் முதல் சந்திப்புக்கு நாள் கிடைக்கச் சில வாரம் ஆகலாம். பரிந்துரைக் கடிதம் கிடைத்ததும் சந்திப்புத் தேதியைப் பாருங்கள். 14 வாரத்துக்கு மேல் தள்ளிக் கொடுத்திருந்தால் தொலைபேசியில் அழைத்து, 'தேதி நிர்ணய ஸ்கேனுக்கு நாள் கடந்துவிடும்' என்று சொல்லிக் கேளுங்கள். கேட்டால் முன்னே தள்ளிக் கொடுக்க வாய்ப்பு உண்டு. கேட்காவிட்டால் நிச்சயம் இல்லை. அப்படியும் கிடைக்காவிட்டால் இந்த ஒரு ஸ்கேனை மட்டும் வெளியே எடுத்து அறிக்கையைக் கொண்டுபோவது, கொடுக்கும் காசுக்குத் தகுந்ததே.

5. இரண்டு தேதி வந்தால் எதை வைத்துக்கொள்வது

அறிக்கையில் பிரசவத் தேதி மட்டும் இருக்காது, ஸ்கேன் அன்று கருவின் வயது இத்தனை வாரம் இத்தனை நாள் என்றும் இருக்கும். அதிலிருந்து நீங்களே கணக்குப் போடலாம். 2026 ஆகஸ்ட் 20 அன்று எடுத்த ஸ்கேன் 9 வாரம் 4 நாள் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 67 நாள். 280இல் 67 போனால் 213. ஆகஸ்ட் 20இலிருந்து 213 நாள் எண்ணினால் 2027 மார்ச் 21. மாதவிடாய்க் கணக்கு சொன்னதோ மார்ச் 15. ஆறு நாள் வித்தியாசம்.

இப்போது மாற்றுவதா வேண்டாமா? மருத்துவர்கள் பரவலாகக் கையாளும் அளவுகோல், மாதவிடாய்க் கணக்குப்படி கரு எத்தனை வாரம் என்பதைப் பொறுத்தது. 8 வாரம் 6 நாள் வரை 5 நாளுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்கேன் தேதிக்கு மாற்றுவார்கள். 9 வாரத்திலிருந்து 15 வாரம் 6 நாள் வரை 7 நாளுக்கு மேல் இருக்க வேண்டும். 16 முதல் 21 வாரம் 6 நாள் வரை 10 நாள், 22 முதல் 27 வாரம் 6 நாள் வரை 14 நாள், அதற்குப் பிறகு 21 நாள்.

நம் உதாரணத்தில் மாதவிடாய்க் கணக்குப்படி அன்றைக்கு 10 வாரம் 3 நாள். வித்தியாசம் 6 நாள், எல்லை 7. ஆகவே மார்ச் 15 நிற்கும். அதே ஸ்கேன் 9 வாரம் 1 நாள் என்று காட்டியிருந்தால் தேதி மார்ச் 24, வித்தியாசம் 9 நாள். அப்போது மார்ச் 24க்கு மாற வேண்டும். சில மருத்துவர்கள் வித்தியாசம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் முதல் ஸ்கேனையே எடுத்துக்கொள்வார்கள். அதிலும் தவறில்லை. எந்த முறையில் முடிவு செய்தார் என்று கேட்டு, அந்தத் தேதியை உங்கள் கர்ப்பகாலக் குறிப்பேட்டிலோ ஒரு கடிதத்திலோ எழுதித் தரச் சொல்லுங்கள்.

கர்ப்ப காலம் முழுக்க நடக்கும் மிகப் பெரிய குழப்பம் இதற்குப் பிறகுதான் வருகிறது. 20ஆவது வாரத்திலும் 32ஆவது வாரத்திலும் எடுக்கும் ஸ்கேன் இயந்திரங்கள், தலையையும் வயிற்றையும் தொடை எலும்பையும் அளந்து ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பிரசவத் தேதியை அச்சிடும். அதைப் பார்த்துவிட்டு 'தேதி மாறிவிட்டது' என்று வீட்டுக்குப் போன் போடாதீர்கள். அந்த வயதில் குழந்தையின் அளவு அதன் உடல்வாகைக் காட்டும், வயதைக் காட்டாது. 32ஆவது வாரத்தில் குழந்தை இரண்டு வாரம் சின்னதாகத் தெரிந்தால் தேதியைத் தள்ளிவைக்கக்கூடாது. வளர்ச்சி ஏன் குறைந்தது என்று மருத்துவர் பார்க்க வேண்டும். தேதியை நகர்த்திவிட்டால் பார்க்க வேண்டிய குறை கணக்குக்குள் மறைந்துபோகும். ஊருக்குப் போய் அங்கே ஒரு ஸ்கேன் எடுத்தாலும் இதேதான். முதல் அறிக்கையின் நகலைக் கையோடு கொண்டுபோய் அங்குள்ள மருத்துவரிடம் காட்டுங்கள்.

6. வாரக் கணக்குக்கு மாறுங்கள்

மருத்துவர் மாதத்தில் பேச மாட்டார். '24 வாரம்' என்றால் 24 வாரம் முடிந்தது என்று பொருள். 25ஆவது வாரம் நடக்கிறது. வீட்டில் 'ஏழாம் மாதம்' என்றால் ஆறு முடிந்து ஏழு நடக்கிறது, அதாவது ஏறத்தாழ 26 முதல் 30 வாரம். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று கலந்து பேசினால் ஒரு மாதம் எங்காவது விழுந்துவிடும்.

2027 மார்ச் 15 என்ற தேதிக்கு நாட்கள் இப்படி வரும். டவுன் நோய்க்குறி போன்றவற்றுக்கான ஆபத்தைப் பார்க்கும் முதல் மூன்று மாதச் சோதனையான ஆஸ்கர், 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை: 2026 ஆகஸ்ட் 24 முதல் செப்டம்பர் 13. தேதி பிசகினால் அதிகம் அடிபடுவது இந்தச் சோதனைதான். அதன் ரத்த அளவுகளைக் கருவின் வயதோடு ஒப்பிட்டே ஆபத்தைக் கணக்கிடுகிறார்கள், வயது தவறென்றால் முடிவும் தவறு. கக்குவான் தடுப்பூசி 16 முதல் 32 வாரம்: செப்டம்பர் 28 முதல் 2027 ஜனவரி 18. உறுப்புகளைப் பார்க்கும் விரிவான ஸ்கேன் 18 முதல் 22 வாரம்: அக்டோபர் 12 முதல் நவம்பர் 9. சர்க்கரைச் சோதனை 24 முதல் 28 வாரம்: நவம்பர் 23 முதல் டிசம்பர் 21. தீபாவளி, பள்ளி விடுமுறை, ஊர்ப்பயணம் எல்லாம் இந்தக் கடைசி இரண்டோடு மோதும் காலம் என்பதால் நாளை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

7. வேலையிடத்தில் சொல்வது

குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெறும் என்றால் 16 வார மகப்பேறு விடுப்பு. வேறு ஏற்பாடு எதுவும் பேசிக்கொள்ளாவிட்டால் அது பிரசவத் தேதிக்கு 4 வாரம் முன்பே தொடங்கும். நம் உதாரணத்தில் 2027 பிப்ரவரி 15. முதலாளி ஒப்புக்கொண்டால் பிரசவ நாள் வரைகூடத் தள்ளலாம். தள்ளுவதையே நான் சொல்வேன். குழந்தை ஒரு வாரம் தாமதமானால், முன்பே தொடங்கிய விடுப்பில் அந்த ஒரு வாரம் குழந்தை இல்லாமலே கழிந்துவிடும், மொத்தம் 16 தானே. முதல் 8 வாரத்தைத் தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். மீதியை ஒப்புதலோடு 12 மாதத்துக்குள் பிரித்து எடுக்கலாம்.

குழந்தை குடியுரிமை பெறாது என்றால் 12 வாரம். ஏற்கெனவே இரண்டுக்குக் குறைவான பிள்ளைகள் இருந்தால் முதல் 8 வாரத்துக்கு முதலாளி சம்பளம் தர வேண்டும்.

இரண்டிலுமே குழந்தை பிறக்குமுன் அந்த முதலாளியிடம் குறைந்தது 3 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். கர்ப்பத்தின் நடுவில் வேலை மாறுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மார்ச் 15 பிரசவம் என்று டிசம்பர் 10 அன்று சேர்ந்தால் கணக்கு சரியாக வருவதுபோலத் தெரியும். குழந்தை மார்ச் முதல் வாரத்திலேயே வந்துவிட்டால் மூன்று மாதம் நிறையாது. தேதியிலிருந்து எண்ணாமல், 37 வாரம் முடியும் நாளிலிருந்து, அதாவது பிப்ரவரி 22இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

விடுப்பைப் பற்றிக் குறைந்தது 4 வாரம் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள், மருத்துவர் தந்த தேதிக் கடிதத்தை இணையுங்கள். கணவரும் தமது அலுவலகத்தில் அதே தேதியையே கொடுக்க வேண்டும். தந்தையர் விடுப்பு இப்போது 4 வாரம். 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குடியுரிமைக் குழந்தைகளின் பெற்றோருக்குப் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 10 வாரம்.

8. பயணமும் பெரியவர்களும்

வளைகாப்பை ஊரில் வைப்பதாக இருந்தால் ஏழாம் மாதமே நல்லது. ஒன்பதாம் மாதம் என்பது ஏறத்தாழ 35 வாரத்தில் தொடங்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சிக்கலில்லாத ஒற்றைக் கர்ப்பத்துக்கு 36 வாரம் வரையும், இரட்டைக்கு 32 வாரம் வரையும்தான் ஏற்றும். போகும்போது ஏற்றிக்கொண்டு, திரும்பும்போது ஏற்றாமல் விட வாய்ப்புண்டு. 29ஆவது வாரத்திலிருந்து மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அதில் பயணத்துக்குத் தகுதி, எத்தனை வாரம், பிரசவத் தேதி மூன்றும் இருக்க வேண்டும், முதல் விமானத்துக்கு முந்தைய 10 நாளுக்குள் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். திரும்பி வரும்போதும் கேட்பார்கள் என்று எண்ணி நகலை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நிறுவனங்களின் விதியைப் பயணச்சீட்டு வாங்குமுன் பாருங்கள்.

அம்மாவோ மாமியாரோ இந்தியாவிலிருந்து வந்து பார்த்துக்கொள்வதாக இருந்தால், விசா ஒரு கணக்கு, நுழையும்போது தங்க அனுமதிக்கும் நாள் வேறொரு கணக்கு. தங்கும் நாள் பெரும்பாலும் 30 என்றுதான் கிடைக்கும். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம், கிடைக்கும் என்ற உறுதி இல்லை. மார்ச் 15 பிரசவத்துக்கு பிப்ரவரி 20 அன்றே வந்து இறங்கினால், குழந்தைக்கு ஒரு வாரம் ஆகும்போது கிளம்ப வேண்டிய நாள் வந்துவிடும். தேதிக்கு ஏழு, பத்து நாள் முன்பு வருமாறு, தேதி மாற்றக்கூடிய பயணச்சீட்டாக எடுங்கள். முந்திப் பிறந்தால் முதல் சில நாட்களுக்கு அக்கம்பக்கத்தில் ஒரு அக்காவிடம் சொல்லிவைப்பது நல்லது.

9. தேதி நெருங்கும்போதும், தாண்டும்போதும்

குழந்தை போனசுக்குப் பிரசவத் தேதிக்கு 8 வாரம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நம் உதாரணத்தில் ஜனவரி 18 முதல். அரசு இணையச் சேவைகளில் நுழைவதற்கான சிங்பாஸ் இரண்டு பேருக்கும் வேலை செய்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். பிறந்தபின் 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும், கட்டணம் 18 வெள்ளி. பிறப்புச் சான்றிதழ் 2022 மே முதல் மின்வடிவில்தான் வருகிறது. குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் 2 மாதக் குழந்தையிலிருந்து எடுத்துக்கொள்ளும். அவற்றில் காத்திருப்போர் பட்டியலுக்கும் இதே தேதியைத்தான் கேட்பார்கள்.

சொன்ன தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். 37 வாரத்திலிருந்து 42 வாரத்துக்குள் எப்போது பிறந்தாலும் அது காலத்துக்குள் வந்த பிள்ளை. ஆகவே மருத்துவமனைப் பையை 36ஆவது வாரத்திலேயே கட்டி வையுங்கள், உறவினர்களுக்கு நாளைச் சொல்லாமல் 'மார்ச் நடுவில்' என்று மட்டும் சொல்லுங்கள். 14ஆம் தேதியிலிருந்தே 'இன்னும் ஆகலையா' என்று வரும் அழைப்புகள் பாதி குறையும்.

தேதி தாண்டினால் அதுவே ஆபத்தாகிவிடாது, ஆனால் கண்காணிப்பு கூடும். 41 வாரத்தை ஒட்டி வலியைத் தூண்டுவது பற்றி மருத்துவர் பேசத் தொடங்குவார். 42 வாரத்தைத் தாண்ட விடமாட்டார்கள். நீரிழிவோ ரத்த அழுத்தமோ இருந்தால் அந்தப் பேச்சு முன்னதாகவே வரும். அப்போது முதல் ஸ்கேன் அறிக்கையை எடுத்து வைத்து, எந்தத் தேதியிலிருந்து 41 வாரம் எண்ணுகிறார்கள் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். இடையில் குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ எந்த வாரம் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.